பீரோ மேல் ஏறிய சி-பாப் கருவியும் முட்டை லாரி ஓட்டும் கணவரும்

வாசகியின் கேள்வி:

என் கணவருக்கு 47 வயது, எடை 96 கிலோ. நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு முட்டை லோடு ஏற்றிச் செல்லும் எங்கள் சொந்த லாரியை இரவில் அவரே ஓட்டுகிறார். பல வருடமாகக் கடுமையான குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும். நான் தோளைத் தட்டித் திருப்பிப் படுக்க வைப்பேன். பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டும் குறையவில்லை. தூங்கும்போது மூன்று முறையாவது சிறுநீர் கழிக்க எழுகிறார். இரண்டு மாதத்துக்கு முன் விஜயமங்கலம் டோல்கேட் வரிசையில் பிரேக்கில் கால் வைத்தபடியே தூங்கிவிட்டார்; பின்னால் வந்த டிரைவர் இறங்கி வந்து கதவைத் தட்டி எழுப்பினாராம். அதன் பிறகுதான் ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனை எடுத்தோம். கடுமையான ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் என்றார்கள். பகல் தூக்கத்தை அளக்கும் படிவத்தில் அவர் 6 என்று போட்டார்; நான் தனியாக அவருக்காகப் போட்டுப் பார்த்தால் 17 வருகிறது. நகையை அடகு வைத்து, மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் சி-பாப் மெஷின் வாங்கினோம். ஒன்பது நாள் போட்டார். மூக்கு காய்கிறது, மூச்சு முட்டுகிறது, வயிறு உப்புகிறது என்று கழற்றிவிட்டார். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்குத் தண்டில் சிவந்த தழும்பு இருக்கிறது; ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைத்திருக்கிறது. படுக்கும் முன் கொஞ்சம் குடித்தால் நன்றாகத் தூங்குகிறார். இப்போது அது பீரோ மேல் இருக்கிறது. மெஷினுக்குப் பழகினால் அதற்கு அடிமையாகிவிடுவார் என்கிறார்கள், உண்மையா? ஆபரேஷன் செய்தால் ஒரேயடியாகச் சரியாகுமா? பகலில் தூக்கம் வருவதற்காக மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரையில் பாதி போடுகிறார், அது பரவாயில்லையா? அவர் தொடர்ந்து வண்டி ஓட்டலாமா? ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டையும் மெஷின் ரிப்போர்ட்டையும் படம் எடுத்து, அவருடைய படத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது இன்றிரவுக்கே காத்திருக்காது. உங்கள் கணவர் இப்போதுள்ள நிலையில் லாரி ஓட்டக் கூடாது. சிகிச்சை பிடிபடும் வரை இரவிலும் கூடாது, பகலிலும் கூடாது. வண்டிக் கடனும் நகைக் கடனும் இருக்கும் வீட்டில் இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் நிற்கும் வண்டியில் பிரேக்கை மிதித்தபடி தூங்கியவர், ஓடும் வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியும் தூங்குவார். அன்று வரிசையில் நின்றதால் தப்பினார், அவ்வளவுதான். அதே சாலையில், அவிநாசி அருகே, 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று நடுத்தடுப்பைத் தாண்டிக் கேரள அரசுப் பேருந்தின் மீது மோதி 19 பேர் இறந்தது உங்கள் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது. டயர் வெடித்ததா, ஓட்டுநர் கண்ணயர்ந்தாரா என்ற பேச்சு அப்போது எழுந்தது. அந்த விபத்துக்கு எது காரணமாக இருந்தாலும், அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஒரு நொடி கண் மூடினால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது.

வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் ஓட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்கிறேன். நாமக்கல்லில் ஆக்டிங் டிரைவர் கிடைக்காமல் போகாது. ஒரு மாதம், அதிகம் போனால் ஆறு வாரம், சம்பளமும் பேட்டாவும் கொடுத்து ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அது செலவுதான். ஆனால் நகையை அடகு வைத்து வாங்கிய கருவி பீரோ மேல் கிடப்பதும் செலவுதான், அதை மீட்கும் வழியும் இந்த ஆறு வாரத்தில்தான் இருக்கிறது.

இனி ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அதில் ஏ.எச்.ஐ. என்ற இடத்தில் 41 என்று இருக்கிறது. தூக்கத்தின் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு முழுவதுமாக நின்றது அல்லது வெகுவாகக் குறைந்து உடலைப் பாதித்தது என்பதன் சராசரி அது. ஒவ்வொரு தடையும் பத்து நொடியாவது நீடித்தால்தான் கணக்கில் சேரும். ஐந்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. அவருக்கு 41 என்றால் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை. ஆறு மணி நேரம் படுத்திருந்தால் 240 முறைக்கு மேல். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 71 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. விழித்திருக்கும்போது அது 95-க்கு மேல் இருக்க வேண்டும் என்பதைக் கொரோனா காலத்தில் எல்லோரும் ஆக்சிமீட்டரில் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

நடப்பது இதுதான். தூங்கும்போது உடலின் தசைகள் தளர்வதைப் போலத் தொண்டைத் தசைகளும் நாக்கும் தளர்கின்றன. கழுத்துப் பருமனும் எடையும் கூடியவர்களுக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுவழி ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு மூச்சை இழுக்க முயன்றுகொண்டே இருக்கிறது, காற்று உள்ளே போவதில்லை. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை ஆபத்தை உணர்ந்து அவரை அரை விழிப்புக்குக் கொண்டுவருகிறது. பெரிய சத்தத்துடன் தொண்டை திறக்கிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் இதில் ஒன்றுகூட அவருக்கு நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காதவர் போல எழுவார். குறட்டை விட்டால் அடித்துப் போட்டது போல் தூங்குகிறார் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தத் தூக்கம் துண்டு துண்டாக வெட்டப்பட்டது என்பதை நீங்கள் மட்டும்தான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியுள்ள மற்ற இரண்டு தொல்லைகளும் இதனோடு சேர்ந்தவையாக இருக்கக்கூடும். அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் வெகுவாகக் குறைந்து, இதயத்தின் மேலறைகள் இழுபட்டு விரிகின்றன. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தவறாகப் புரிந்துகொண்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீருக்காக எழுவதைச் சர்க்கரை என்றோ புராஸ்டேட் என்றோ நினைத்துப் பல வருடம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதேபோல ஒவ்வொரு திணறலிலும் உடல் பதறி ரத்தக் கொதிப்பைத் தூக்கிவிடுகிறது. மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்காதவர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்காமல் மாத்திரையை மட்டும் கூட்டுவது சரியான வைத்தியம் ஆகாது. ஆயினும் சர்க்கரைக்கான எச்பிஏ1சி, தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் ஒரு முறை செய்துவிடுங்கள். தைராய்டு குறைவும் இந்த நோயைத் தூண்டும்.

இப்போது பீரோ மேல் உள்ள கருவி. நீங்கள் அனுப்பிய மெஷின் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். ‘மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ரிப்போர்ட்டைப் பார்த்தால், கருவியை அவருக்குப் பொருத்திக் கொடுக்கவே இல்லை என்று தெரிகிறது. அழுத்தம் 4 முதல் 20 வரை என்று இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் வரும்போது உள்ள அமைப்பு அது. யாரும் அதைத் தொடவில்லை. தொண்டை அடைபடாமல் காற்றின் அழுத்தத்தால் திறந்து வைத்திருப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. அழுத்தத்தை நீர்மட்டத்தின் சென்டிமீட்டர் கணக்கில் சொல்கிறோம். பருமனான ஒருவருக்கு 4 என்பது மிகக் குறைவு. மாஸ்க்கை மாட்டியதும் போதிய காற்று வராததுபோல் இருக்கும். ‘மூச்சு முட்டுது’ என்று அவர் சொன்னது வீம்பு இல்லை, அவர் உணர்ந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் கீழ் எல்லையை 7 அல்லது 8-க்கு உயர்த்தினாலே இந்தப் புகார் போய்விடும். சொந்தமாக மாற்றாதீர்கள், ஸ்லீப் ஸ்டடி எடுத்த மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதித் தரும் அளவை வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கசிவு. ரிப்போர்ட்டில் நிமிடத்துக்கு 46 லிட்டர் என்று இருக்கிறது. இந்த வகைக் கருவியில் அது 24-க்குள் இருக்க வேண்டும். இவ்வளவு காற்று வெளியே ஓடினால், கருவி அதை ஈடுகட்ட அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கூட்டிய காற்றில் ஒரு பகுதி வயிற்றுக்குள் போய் உப்பிசம் ஆகும், மீதி வாய் வழியாக வெளியேறி மூக்கையும் தொண்டையையும் காய வைக்கும். மாஸ்க்கை இறுக்கிக் கட்டினால் கசிவு நிற்கும் என்று நினைத்து வாரை இழுத்திருப்பார். மூக்குத் தண்டில் சிவந்த தழும்பு இருப்பதாக நீங்கள் எழுதியதன் காரணம் அதுவாகத்தான் இருக்கும். உண்மையில் இறுக்கக் கட்டினால் சிலிக்கோன் மெத்தை நசுங்கிக் கசிவு கூடும்.

கசிவு எங்கிருந்து என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் அவருக்கு அடர்ந்த, உதட்டின் மேல் இறங்கிய மீசை. மூக்கை மூடும் மாஸ்க்கின் கீழ் விளிம்பு சரியாக அந்த மீசையின் மேல் உட்காருகிறது. முடியின் ஊடாகக் காற்று ஓடாமல் என்ன செய்யும்? மீசையை எடுக்கச் சொல்ல மாட்டேன். மூக்குத் துவாரங்களின் வாயிலில் மட்டும் பொருந்தும் சிறிய வகை மாஸ்க் ஒன்று உண்டு. கடையில் ‘நேசல் பில்லோ’ என்று கேளுங்கள். மீசைக்காரர்களுக்கு அது பொதுவாக நன்றாக அமையும். ஆனால் அதற்கு மூக்கு திறந்திருக்க வேண்டும். அவருக்கு ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஒருவர் மூக்கைப் பார்க்கட்டும். ஒவ்வாமையால் வீங்கியிருந்தால் உப்புநீர் கழுவலும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும் சில வாரங்களில் வழியைத் திறக்கும். நடுத்தண்டு பெரிதாக வளைந்திருந்தால் அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எதைச் செய்தும் வாயால்தான் மூச்சு விடுகிறார் என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் இருக்கிறது. மீசையில் கொஞ்சம் கசிந்தாலும் அளவு சரியாக இருந்தால் சமாளிக்கலாம். மாஸ்க் வாங்கும்போது பெட்டியை மட்டும் வாங்கி வராமல், அங்கேயே படுத்த நிலையில், கருவி ஓட, பத்து நிமிடம் போட்டுப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கும்போது பொருந்தும் மாஸ்க், படுத்ததும் கன்னம் சரிந்து விலகிவிடும்.

மூக்கு காய்வதற்கு ஹியூமிடிஃபயர் என்ற நீர்த்தொட்டி கருவியிலேயே இருக்கிறது. அதைக் காலியாக வைத்துத்தான் ஒன்பது நாளும் ஓட்டியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்றதும் லாரி வைத்திருக்கும் வீட்டில் கை தானாகப் பேட்டரித் தண்ணீர் கேனுக்குப் போகும். அதை ஊற்றாதீர்கள், பேட்டரிக்காகத் தயாரித்து எப்படியோ சேமித்த நீரைச் சூடாக்கி இரவெல்லாம் நுரையீரலுக்குள் இழுப்பது சரியில்லை. மருத்துவ உபயோகத்துக்கான டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காத நாளில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிய நீர் போதும். தினமும் காலையில் மீதி நீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் காய வையுங்கள். முகத்தில் படும் மெத்தையை மிதமான சோப்பு நீரில் கழுவுங்கள்; எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் கசியும்.

இனி பழகும் முறை. அமைப்பைச் சரிசெய்த பிறகும், முதல் நாளே இரவு முழுக்கப் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள், மாலையில் டிவி பார்க்கும்போது கருவி ஓடாமல் மாஸ்க்கை மட்டும் மாட்டிக்கொள்ளட்டும். அடுத்த இரண்டு நாள் கருவியை ஓடவிட்டு, உட்கார்ந்தபடியே அரை மணி நேரம். பிறகு பகலில் ஒரு குட்டித் தூக்கம். அதன் பிறகு இரவு. என்னிடம் வந்த ஒரு பேருந்து ஓட்டுநர், மாஸ்க்கைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றவர், கிரிக்கெட் பார்க்கும் நேரத்தில் மட்டும் போட்டுப் போட்டே பழகினார். ஒரு வாரத்தில் மாஸ்க் இருப்பதையே மறந்து காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனதாக அவர் மனைவி சொன்னார். நடு இரவில் கழற்றி வீசிவிட்டால் அன்று தோற்றதாக எண்ண வேண்டாம். எழுந்து பார்த்ததும் மறுபடி மாட்டிக்கொண்டால் போதும். முதல் சில வாரங்களில் எவ்வளவு ஒழுங்காகப் போடுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் பிற்காலப் பயன்பாடும் பெரும்பாலும் அமைகிறது. ஆகவே இந்த மாதத்தை வீணாக்கிவிடக் கூடாது.

அடிமையாகிவிடுவாரா என்று கேட்டீர்கள். கண்ணாடி போட்டவர் கண்ணாடிக்கு அடிமை ஆவதில்லை. கழற்றினால் பழையபடி மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். இங்கும் கருவியை நிறுத்திய சில இரவுகளிலேயே திணறல் திரும்பிவிடும், கருவி போடுவதற்கு முன் இருந்த அதே திணறல். வாழ்நாள் முழுவதுமா என்றால், எடையும் தொண்டையின் அமைப்பும் மாறாதவரை ஆம். இந்தப் பதில் கசப்பாக இருக்கும் என்று தெரியும். ஆனால் இந்தக் கருவி வருவதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது ஒன்றுதான். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து ஐந்து நோயாளிகளின் தொண்டையைத் திறந்து வைத்ததை 1981-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். ஆரம்பக் காலத்தில் மாஸ்க்கை ஒவ்வொரு இரவும் பசை போட்டு முகத்தில் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

விற்பனையாளர்கள் சொல்லும் ஒன்றை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். இந்தக் கருவியைப் போட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் வராது என்று சிலர் உறுதி கொடுக்கிறார்கள். ஏற்கனவே இதய நோயோ மூளை ரத்தக் குழாய் நோயோ இருந்த 2,717 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் அப்படிப்பட்ட பலன் தென்படவில்லை. ஆனால் அந்த ஆய்வில் சி-பாப் பெற்றவர்கள் சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்தக் குறைந்த நேரத்திலும் பகல் தூக்கம் குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. உங்கள் கணவருக்கு இன்று அவசரமாக வேண்டியது பகலிலும் ஸ்டீயரிங் முன்னாலும் விழித்திருக்கும் திறன். அதைக் கருவி கொடுக்கும், தூங்கும் நேரம் முழுக்கப் போட்டால்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டான்சில் மிகப் பெரிதாக இருந்தால் அதை எடுப்பது உதவும். உள்நாக்கையும் மென்அண்ணத்தையும் சீரமைக்கும் அறுவை சிகிச்சையும் 1981 முதலே உண்டு. தகுந்த ஆளைத் தேர்ந்தெடுத்தால் சிலருக்குப் பயன் தரும், பலருக்குப் பாதிதான் குறையும். லேசர் வைத்துக் குறட்டையை நிறுத்துகிறோம் என்ற விளம்பரங்களைக் கண்டால் கவனமாக இருங்கள்: சத்தம் நின்று மூச்சடைப்பு நிற்காமல் போனால், நீங்கள் பக்கத்தில் படுத்து எச்சரிக்கை அடையும் ஒரே வழியும் மூடிவிடும். 41 என்ற அளவும் 96 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு நான் முதலில் கத்தியைத் தேட மாட்டேன். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவி லேசான, நடுத்தர நிலைகளுக்கே பெரும்பாலும் பொருந்தும்.

எடை குறைந்தால் நிச்சயம் குறையும், எவ்வளவு என்பதில்தான் ஏமாற்றம் வரும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பொதுமக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 சதவீத எடை குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறையும். உங்கள் கணவர் 96 கிலோவிலிருந்து 86-க்கு வந்தால் 41 ஏறத்தாழ 30 ஆகும் என்று கணக்குப் போடலாம். நல்ல முன்னேற்றம், ஆனாலும் கடுமையின் எல்லையிலேதான் நிற்கிறார். வாராவாரம் போடும் டிர்சபடைட் என்ற ஊசியை, உடல் பருமனோடு இந்த நோயும் உள்ளவர்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இந்தியாவிலும் 2025 மார்ச் முதல் சர்க்கரைக்கும் பருமனுக்கும் அது கிடைக்கிறது. விலையும் பக்கவிளைவுகளும் பற்றி மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். எதுவாயினும் பலன் தெரியப் பல மாதம் ஆகும், கருவி அதுவரை காத்திருக்க முடியாது. எளிய உதவி ஒன்று: மல்லாந்து படுக்கும்போது அவருக்குத் திணறல் கூடுவது ரிப்போர்ட்டில் தெரிகிறது. பழைய பனியனின் முதுகில் ஒரு பை தைத்து அதில் டென்னிஸ் பந்தை வைத்துக் கொடுங்கள். புரண்டு மல்லாந்தால் உறுத்தித் திருப்பிவிடும். உங்கள் கைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

மாத்திரை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. அதை இன்றே நிறுத்தும் வழியை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும், மூச்சு நின்றால் எழுப்பிவிடும் மூளையின் எச்சரிக்கையையும் மழுங்கடிக்கும். ஆக்சிஜன் 71 வரை இறங்குபவருக்கு அந்த எச்சரிக்கைதான் உயிர்காப்பு. பல மாதமாகத் தினமும் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும், ஆகவே மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். படுக்கும் முன் கொஞ்சம் குடித்தால் நன்றாகத் தூங்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள்; மதுவும் இதே கேட்டைத்தான் செய்கிறது. மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சளி மாத்திரைகளில் சி.பி.எம்., செட்ரிசின் போன்ற, தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்துகள் இருக்கும். அவை அடுத்த நாள் ஓட்டும்போதும் கண்ணை இழுக்கும்.

வண்டிக்குத் திரும்புவது எப்போது? எப்வொர்த் படிவம் என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஒன்றை அவர் நிரப்பியிருக்கிறார். 24-க்கு 10-க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று பொருள். அவர் 6 என்று போட்டிருக்கிறார். நீங்கள் தனியாக உட்கார்ந்து அவருக்காகப் போட்டுப் பார்த்தபோது 17 வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் ஓட்டுநர்கள் குறைத்துச் சொல்வது எங்களுக்குப் பழக்கம், அவர்களைக் குற்றம் சொல்ல மனம் வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் கொண்டுவந்த விதியில், இந்த நோய் உள்ள கனரக ஓட்டுநர்கள் சிகிச்சையில் கட்டுப்பட்டதை மருத்துவர் உறுதி செய்தால் ஓட்டலாம், குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்று இருக்கிறது. நோயை ஒப்புக்கொண்டவர் ஸ்டீயரிங்குக்குத் திரும்பும் வழி அதில் இருக்கிறது. நம் ஊரில் லைசென்ஸ் படிவத்தில் வலிப்பு, மயக்கம் பற்றிக் கேட்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று கேட்பதில்லை. ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று வரையறுத்த 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த நிறுவனங்களுக்கே இருந்தது. சொந்த வண்டி ஓட்டுபவரைப் போய்ப் படு என்று சொல்ல முதலாளியும் கிடையாது.

ஆகவே அளவுகோலை நான் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அவர் சொல்வதே சரி. தொடர்ந்து நான்கு வாரம், பத்தில் ஒன்பது நாளாவது, குறைந்தது ஐந்து மணி நேரம் கருவி ஓடியிருக்க வேண்டும். கருவி காட்டும் மீதி ஏ.எச்.ஐ., அதாவது கருவி போட்டும் மிஞ்சும் தடைகளின் கணக்கு, 5-க்குக் கீழ் வந்திருக்க வேண்டும். அவர் போட்ட ஒன்பது நாள் ரிப்போர்ட்டில் அது 13. எப்வொர்த் படிவத்தில் நீங்கள் போடும் எண் 10-க்குள் இறங்கியிருக்க வேண்டும். மூன்றும் கூடியபின், முதலில் பகலில் குறுகிய டிரிப்புகள், பிறகு இரவு.

இரவு ஓட்டத்தைப் பற்றி இன்னொன்று. கருவி நோயைக் கட்டுப்படுத்தும், உடலின் கடிகாரத்தை மாற்றாது. அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையே எந்த நோயும் இல்லாத மனிதருக்கும் விழிப்பு அடிமட்டத்துக்குப் போகும். முட்டை விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் அவர் ஓட்டம் முழுக்க அந்த நேரத்தில்தான் விழுகிறது. கிளம்பும் முன் மாலையில் கருவி போட்டு இரண்டு மணி நேரம் படுக்கட்டும். கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை, ஓரக்கோட்டில் டயர் ஏறியது என்றால் அடுத்து வரும் லாரி நிறுத்துமிடத்தில் ஒதுக்கி இருபது நிமிடம் தூங்க வேண்டும். ஜன்னலைத் திறப்பதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும், முகம் கழுவுவதும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. டீயோ காபியோ வேலை செய்யவே அரை மணி நேரம் பிடிக்கும். குடித்துவிட்டு அந்த இருபது நிமிடத்தைத் தூங்கினால் இரண்டும் சேர்ந்து உதவும். வீட்டில் பகல் தூக்கத்துக்கு அறையை நன்றாக இருட்டாக்குங்கள், போனை வெளியே வையுங்கள். பகலில் தூங்கினாலும் கருவி போட வேண்டும். நோய்க்கு இரவு பகல் தெரியாது.

கேபினில் படுக்கும்போதும் அப்படியே. லாரியின் 24 வோல்ட் பேட்டரியில் கருவியை நேரடியாகச் சொருக வேண்டாம், உங்கள் மாடலுக்கு உரிய டிசி கன்வர்ட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். ஹியூமிடிஃபயரின் சூட்டை அணைத்துவிட்டால் மின்சாரம் வெகுவாக மிச்சமாகும். சாலைத் தூசியால் கருவியின் பின்பக்க ஃபில்டர் சீக்கிரம் கறுக்கும், கறுத்ததும் மாற்றுங்கள்.

நாளைக்கே கருவியை பீரோ மேலிருந்து இறக்கி, மாஸ்க்கையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு ஸ்லீப் ஸ்டடி எடுத்த மருத்துவரிடம் போங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே கார்டுடன் போங்கள். இரண்டு முறையும் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று மருத்துவர் கேட்டால் ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். எத்தனை மணிக்குக் கழற்றினார், எந்தப் பக்கம் காற்று சீறியது, எத்தனை முறை நீங்கள் தோளைத் தட்டினீர்கள் என்று நீங்கள் குறித்து வைத்திருப்பதை அங்கே நீங்கள் சொல்லுங்கள்.